கறுப்புப் படத்தில் ஒருவர்

பேய்க் கதை என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும். மன்னிக்கவும், எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் மூன்று மணிக்கு. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அன்று என்னோடு வேலை செய்தவர் இன்றுவரை அந்த அறைக்குள் தனியாகப் போவதில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மங்கலான படங்களைத் தெளிவாக்கும் புரோகிராம் எழுதுகிறேன். பக்கத்து மேஜைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் பண்டிதர். ஒரு படத்தைக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரே தமிழில் எழுத வேண்டும். அது அவருடைய புரோகிராம்.

என் தங்கையின் கணவர் திங்கட்கிழமை சாயங்காலம் வெளியே போனவர், திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வீடியோ கிடைத்தது. முந்தின நாள், வியாழன் இரவு, ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில், எதிர்க்கடை கேமராவில் பதிவானது. ஆள் நிற்பது தெரிந்தது. முகம் வெறும் புகை. தங்கை அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டாள். விடுமுறை நாள். பண்டிதரையும் என்னையும் தவிர யாருமில்லை.

“அவர்தானான்னு மட்டும் சொல்லுக்கா. வேற ஒண்ணும் வேணாம்.”

புரோகிராமை ஓட்டினேன். முகம் மெல்லத் துலங்கியது. அவரேதான். இடது புருவத்தை வெட்டிய தழும்புகூட இருந்தது. தங்கை அழுதுவிட்டாள்.

பண்டிதர் அசரவில்லை. “ஒரு தடவை வந்ததை நம்பாதீங்க. இன்னும் நாலு தடவை ஓட்டுங்க.”

நியாயம்தான். தெரியாத இடத்தில் எங்கள் புரோகிராம் கூசாமல் கதை விடும். ஆனால் பொய் ஒவ்வொரு முறையும் மாறும். நாலு தடவையும் அதே முகம், அதே தழும்பு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“உயிரோடதான்டி இருக்கார்,” என்றேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஐந்து படத்திலும் முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மழை பெய்து இரண்டு மாதமாகிறது.

பண்டிதர் அந்தப் படத்தைத் தன் புரோகிராமிடம் கொடுத்தார்.

‘ஒருவர் நிற்கிறார். நனைந்திருக்கிறார்.’

அது கதை விடுகிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முழுக் கறுப்புப் படம் ஒன்றைக் கொடுப்போம். ‘ஒன்றும் இல்லை’ என்று வர வேண்டும். கொடுத்தார்.

‘ஒருவர் நிற்கிறார்.’

“பழைய படம் எங்கயோ ஒட்டிக்கிச்சு போல,” என்று முணுமுணுத்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அதே கறுப்புப் படம்.

‘ஒருவர் அறைக்குள் நிற்கிறார்.’

நான் நாற்காலியைப் பண்டிதர் பக்கம் இழுத்துக்கொண்டேன். இன்னொரு முறை...

‘ஒருவர் அவள் பின்னால் நிற்கிறார்.’

சொட்... சொட்...

எதிரே உட்கார்ந்திருந்த தங்கைக்குத் திரை தெரியாது. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“ஏசி ஒழுகுதாக்கா? முதுகெல்லாம் ஈரம்.”

அந்த அறையில் ஏசி கிடையாது.

அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கல்குவாரித் தண்ணீரில் கண்டெடுத்தார்கள். கால் வழுக்கி விழுந்திருக்கிறார். திங்கட்கிழமை இரவே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். உயிரோடு இருக்கிறார் என்று தங்கையிடம் அடித்துச் சொன்னவள் நான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தேன். ஒரு பஸ் வந்து அவரை மறைக்கிறது. அது கிளம்பிய பிறகு அவர் அங்கே இல்லை. அந்தக் கடைக்காரரைத் தேடிப் போய், அது எங்கே போகும் பஸ் என்று கேட்டேன்.

“இங்க ஒரே பஸ்தாங்க நிக்கும்,” என்றவர், அது போய் நிற்கும் தெருவைச் சொன்னார். என் தங்கையின் தெரு.

வியாழக்கிழமை ராத்திரி அவள் அந்த வீட்டில் தனியாகப் படுத்திருந்தாள். தனியாக என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.