கதவில் பூட்டு

நான் குடியேறிய நாட்டில், சென்ட் லோரன்ட் பகுதிக் களஞ்சியமொன்றில் என்னோடு வேலை செய்யும் மாரிக்கா, மதியச் சாப்பாட்டின்போது கைபேசியில் ஒரு படம் காட்டினாள். எஸ்தோனியாவில், ஏரிகளும் பைன்காடுகளும் நிறைந்த வோரு மாவட்டத்தில் இருக்கும் அவளுடைய கிராமசபைக் கட்டடம் அது. சோவியத் ஆட்சி போனபிறகு ஊரார் தாங்களே தேர்ந்தெடுத்த சபை. இப்போது அதைப் பட்டணத்தோடு சேர்த்துவிட்டார்களாம். கதவில் பூட்டுத் தொங்கியது.

யாழ்ப்பாணத்தில் என் அம்மா எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியாக இருந்தார். ஒழுங்கையில் வெள்ளம், பொதுக்கிணற்றில் கப்பி உடைந்துவிட்டது என்று விடியமுன்னமே ஆட்கள் படலையைத் தட்டுவார்கள். ஈரத்தலையை முடிந்துகொண்டே அம்மா கேட்பார்.

சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அங்கும் அம்மா காலையில் சேலை உடுத்தி, வாசலில் கதிரை போட்டு இருந்தார். முதலில் சிலர் வந்தார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். சாப்பாட்டு வரிசையிலிருந்து திரும்பியதும் அம்மா என்னிடம் கேட்பார்.

"என்னைத் தேடி ஆரும் வந்தவையே?"

"இல்லை அம்மா."

"கதிரை கிடக்கட்டும். பேந்து வருவினம்."

மாரிக்காவிடம், அந்தச் சபைக்குத் தலைவராக இருந்தது யார் என்று கேட்டேன்.

"என் அக்கா."

"இப்போது அவர் என்ன செய்கிறார்?"

"தெரியாது. நான் கேட்கவில்லை."

"இன்றைக்கே கேள்," என்றேன்.