மழையில் அகலமாகும் சாலை

2007 செப்டம்பர், ஒரு சனியும் ஞாயிறும். எம்.டெக். ஆய்வுக்காகச் செங்கல்பட்டு–மாமல்லபுரம் சாலையையும் அதில் ஓடும் வண்டிகளையும் கணினிக்குள் கட்டியிருந்தேன். மழை பெய்தால் பேருந்து எவ்வளவு தாமதமாகும்? திங்களன்று விடை கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தப் பருவத்திலேயே பட்டம்.

"அந்த ரோட்ல ஒரு தடவையாவது போயிருக்கியா?" என்றார் பேராசிரியர். போனதில்லை.

சனி, நல்ல வெயில். கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்ரயில், ஆறு ரூபாய். பிறகு பேருந்து, பதினொரு ரூபாய், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலையின் பாதியில் நெல் காய்ந்தது. ஓரமாகக் கற்களை அடுக்கியிருந்தார்கள். எதிரே லாரி வந்தால் நாங்கள் நின்று வழிவிட்டோம். அழகாக இருந்தது, படம் எடுத்துக்கொண்டேன். கடைசிப் பதினைந்து கிலோமீட்டருக்கு 36 நிமிடம். கணினியும் அதையே சொல்லியிருந்தது; வெயில் நாள் பேருந்து நேரங்களைத்தான் அதற்குக் கொடுத்திருந்தேன். மழைக்கு அது சொன்னது 43.

ஞாயிறு பிற்பகல், மேகம். அதே இடத்தில் பேருந்து நின்றது. குறுக்கே டிராக்டர். ஐந்தாறு பேர் நெல்லை வாரிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சார், வாட்ச்சயே பாத்துகினு குந்திகினுகீற? எறங்கு, சாக்கப் புடி," என்றார் நடத்துநர். பாதிப் பேருந்து ஏற்கெனவே இறங்கியிருந்தது.

முறத்தால் அள்ளிய ஓர் அம்மா என்னைப் பார்த்தாள். "நல்லா தொறந்து புடி நைனா. ஒன் வாய இல்ல, சாக்கு வாய! நனைஞ்சா மொளச்சிக்கும், ஒருத்தனும் வாங்க மாட்டான்."

ஒன்பது நிமிடம். ஏழு மூட்டை. மழை பிடித்துக்கொண்டது.

டிராக்டர் விலகியது. முன்னால் எல்லோரும் நெல்லை வாரியிருந்தார்கள்; சாலை முழுதாகக் கிடந்தது. ஓட்டுநர் கியரை மாற்றினார். "மழ வந்தாத்தான்பா இது ரோடு மாதிரி கீது."

மாமல்லபுரத்துக்கு 22 நிமிடம். நின்றதையும் சேர்த்தால் 31. வெயிலைவிடக் குறைவு.

கணினியில் மழை பெய்தபோது வண்டிகளை மட்டும் மெதுவாக்கியிருந்தேன். சாலை மாறும் என்று நினைக்கவே இல்லை. திங்களன்று விடை இல்லை என்று சொன்னேன். பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனது.

அறுவடைக் காலத்தில் போகிறவர்களுக்கு: இந்தச் சாலையில் வெயிலுக்குத்தான் கூடுதல் நேரம் வையுங்கள், கால் மணியாவது. பைக்கை நெல்மேல் ஏற்றாதீர்கள், வழுக்கும். வழியில் பேருந்து நின்றால் இறங்குங்கள்.

நாங்கள் கிளம்பும்போது கடைசிக் குவியல் இன்னும் சாலையோரத்தில்தான் இருந்தது. அந்த அம்மா அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் நனைந்தது. அதை எந்த எண்ணாக எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.