கடைமடையில் ஒரு டிவி

இந்த ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய கூச்சமாக இருந்தது. தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் யாரோ சூப் குடிக்கிறார், இன்னொரு வீட்டில் யாரோ நாய்க்குத் தலை வாருகிறார், எல்லாம் தெரியும். நான் முதல் குளிர்காலம் முழுக்கத் திரையை இழுத்து மூடியே வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு வில்லெம் கதவைத் தட்டி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கவலையோடு கேட்டபிறகுதான் திறந்தேன். அதனால்தான் என் அப்பா டிராக்டர் ஓட்டுகிற சேதி எங்கள் சொந்தக்காரர்களுக்குப் போவதற்கு முன்பே இந்தத் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டியைத் தாண்டி முத்துப்பேட்டைக்குப் போகும் வழியில் ஊர். காவிரி எங்கள் பக்கம் வந்து சேரும்போது அதை ஆறு என்று சொல்ல மனசு வராது. கிளை வாய்க்காலில் பிரிந்த வாய்க்காலில் பிரிந்த ஒரு கன்னி வாய்க்கால், அவ்வளவுதான். ஒருபோகம் சம்பா. மேட்டூரைத் திறந்தார்கள் என்று டிவியில் பூத் தூவிக் காட்டுவார்கள். கடைமடையான எங்கள் வயலுக்கு அந்தத் தண்ணீர் வரும்போது தூவிய பூவெல்லாம் சருகாகியிருக்கும். அம்மா இறந்த பிறகு அப்பா அந்த வீட்டில் தனியாக இருந்தார். நான் ஒரே பெண். வருஷத்தில் மூன்று மாதமாவது அவர் என்னோடு இருக்கவேண்டும், அடுத்த வருஷமும் தானாக வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. வயலில் வேலையில்லாத வைகாசியில் வரவழைத்தேன். வந்த முதல் வாரத்திலேயே, "டிக்கெட்ட கொஞ்சம் முன்னாடி மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

குறை என்று எதுவும் அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு வலித்தது. குழம்பில் உப்பில்லை என்றால் பேசாமல் சாப்பிடுவார். குளிர்ந்தால் ஹீட்டரைத் திருகாமல் துண்டைப் போர்த்திக்கொள்வார். சோபாவில் நுனியில் உட்காருவார், யாரோ எழுந்திருக்கச் சொல்லப்போவதுபோல. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அதிகாரமாக இருக்கக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. என் கணவர் சரவணனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட அவருக்கு நாக்கு எழாது. என்னைக் கூப்பிட்டுக் காதோடு சொல்வார்.

சரவணன் மாடி அறையில் பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். அதில் விவசாயம் செய்கிற கேம் ஒன்று உண்டு. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் இந்த நாட்டு மாடிப்படி ஏணியை நிமிர்த்தி வைத்தது மாதிரி இருக்கும். அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது. அதனால் டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார். கேம் மாடியில் ஓடும்; படம் மட்டும் வைஃபை வழியாகக் கீழே டிவிக்கு வரும். கையில் கன்ட்ரோலரை அழுத்தினால் அந்த உத்தரவு மேலே போய், வண்டி திரும்பி, திரும்பிய படம் கீழே இறங்கும். இதையெல்லாம் சரவணன் விளக்கியதும் அப்பா தலையாட்டினார்.

"அப்ப மேட்டூர் மேல இருக்கு. இந்த டிவி கடைமடை. அப்படித்தானே மாப்ள?"

"அப்படியேதான் மாமா."

அப்பா வாழ்க்கையில் டிராக்டர் ஓட்டியதே இல்லை. உழவுக்கு வாடகை வண்டிதான் வரும். இவர் வரப்பில் குடையோடு நின்று, "அந்த மூலைய விட்டுட்டியேப்பா" என்று கத்துவார். டிரைவர் காதில் விழாது. இப்போது அந்த மூலை அவர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வண்டியில் உடனே ஏறமாட்டார். முதலில் திரையில் இருக்கும் ஆளை நடக்கவிட்டு வயலைச் சுற்றி ஒரு சுற்று வருவார். அந்தக் கேமில் அப்படி நடப்பதற்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை என்று சரவணன் சொல்லிப் பார்த்தார். "பாக்காம எப்படி மாப்ள எறங்குறது?" என்று அப்பா நடந்துகொண்டேதான் இருந்தார்.

ஒருநாள் மாலை வில்லெம் வந்தார். நாள் முழுக்க டிராக்டரையே காட்டுகிற சேனல் எது, தன் டிவியில் வரமாட்டேன் என்கிறதே என்று கேட்டார். சேனல் இல்லை, அப்பாதான் ஓட்டுகிறார் என்றேன். உடனே உள்ளே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கால்வாய்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். அப்பாவுக்கு அது தெரிந்ததும் குஷி பிறந்துவிட்டது. "இங்க ஆத்துல எப்ப தண்ணி உடுவாங்கன்னு கேளும்மா" என்றார். நான் கேட்டேன். வில்லெம் குழம்பிப்போய், தண்ணீரை உள்ளே விடுவதா, நாங்கள் வருஷம் முழுக்க பம்ப் போட்டு வெளியேற்றிக்கொண்டல்லவா இருக்கிறோம் என்றார். அப்பா என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

"நீ சரியா கேட்டியா? வயல்ல இருக்குற தண்ணிய எறைக்கவா மோட்டார் போடுறாங்க?"

"ஆமாப்பா. இந்த ஊரே கடலுக்குக் கீழதான் இருக்கு."

அப்பா கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, "ஐப்பசி மழையில நமக்கும் அதே பாடுதானே. பாவம், இவுங்களுக்கு வருஷம் பூரா ஐப்பசி" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. வில்லெம் பாட்டுக்கு அப்பாவின் முதுகைத் தட்டி, இடது பக்கம் ஒரு வரி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் பேச்சு நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எங்கே மறுபடி ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

ஆனால் மாலை ஆனால் படம் தகராறு செய்யும். கட்டம் கட்டமாக உடையும், நிற்கும், திடீரென்று பாயும். அப்படி ஒரு பாய்ச்சலில் அப்பாவின் டிராக்டர் பக்கத்து நிலத்துக்குள் புகுந்து விளைந்த கோதுமையைப் படுக்கவைத்துவிட்டது. அப்பா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. "அடுத்தவன் பயிரும்மா" என்றார். அது கம்ப்யூட்டரின் நிலம், கேட்க யாரும் வரமாட்டார்கள் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேற்கே நடப்பார்கள், எவன் மடையைத் திறந்து வைத்திருக்கிறான் என்று பார்க்க. கடைமடைக்காரர்களுக்கு அது பாதி விவசாயம். மறுநாள் அப்பா அதைத்தான் செய்தார். டிவியில் ஆரம்பித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே, கைகளை ஊன்றித் தவழ்கிற மாதிரி அந்த மாடிப்படியை ஏறியிருக்கிறார். மேலே விளக்கு மினுக்குகிற ரௌட்டர். அதிலிருந்து தடியாக ஒரு வயர் சரவணனின் அறைக்குப் போகிறது. மேல்மடை அகப்பட்டுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அடைத்துவைப்போம் என்று வயரைப் பிடுங்கிவிட்டு, கீழே வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

டிவி இருண்டுபோனது. கேம் ஓடுகிற கம்ப்யூட்டரும் அந்த வயரில்தான் இருந்தது. தன் வயலுக்கு வருகிற வாய்க்காலையே அடைத்துவிட்டார். கூடவே, அந்த அறையில் வீடியோ மீட்டிங்கில் ஆபீஸ் மேலதிகாரிகள் எல்லார் முன்னாலும் பேசிக்கொண்டிருந்த சரவணனும் பாதி வாக்கியத்தில் காணாமல் போனார்.

சரவணன் இறங்கிவந்து, "என்னாச்சு, நெட் போயிடுச்சா?" என்று கேட்டதுதான் தாமதம், அப்பா எழுந்து நின்றுவிட்டார். "நான்தான் மாப்ள. தெரியாம பண்ணிட்டேன்" என்றார். அன்று சாப்பிட வரவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தேன். சூட்கேஸ் திறந்து கிடந்தது, வேட்டிகள் மடித்து உள்ளே போயிருந்தன. "மாப்ள வேலைக்கே ஒல வச்சுட்டேனேம்மா. என்ன அனுப்பி வச்சுடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் இப்போது போனால் இனி இந்த வாசல் ஏறமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சரவணன் கும்பகோணத்துக்காரர். ஆற்றுப் பக்கம், தண்ணீருக்குக் கஷ்டப்படாத வம்சம். ஆனால் மனுஷனுக்குப் புத்தி உண்டு. அறைக்குள் வந்து கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மீட்டிங் முடிஞ்சிருச்சு மாமா, ஒண்ணும் ஆகல. தண்ணி வரலன்னு என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"வாய்க்கால்ல நெலம் இருக்குறவன்தான் மாப்ள தண்ணி மொற கேக்கலாம். விருந்துக்கு வந்தவன் எந்த ஞாயத்துல கேப்பான்?"

சரவணன் திறந்து கிடந்த சூட்கேஸைப் பார்த்தார். பிறகு, "அப்ப நீங்களே மொற வச்சுக் குடுங்க மாமா. யாரு எப்ப எடுக்கணும்னு நீங்க சொல்லுங்க. நாங்க கட்டுப்படுறோம்" என்றார்.

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். சூட்கேஸை மூடவில்லை, ஆனால் கூடத்துக்கு வந்தார். வீட்டில் யார் யார் என்னென்ன பார்க்கிறோம் என்று ஒரு விசாரணை நடந்தது. அதில்தான் உண்மை வெளிவந்தது. அப்பா விளையாடுகிற அதே நேரத்தில், டிவிக்கு அந்தப் பக்கம் சமையலறையில், டேப்லெட்டில் சீரியல் ஓடவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்த நான்தான் வைஃபையை உறிஞ்சியிருக்கிறேன்.

"மேல எவனோன்னு நெனச்சு அவ்வளவு தூரம் ஏறினேன். கடைசில நான் பெத்ததே மடைய வெட்டியிருக்கு" என்றார் அப்பா. வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

முறை வைத்தாயிற்று. காலை சரவணனுக்கு, மத்தியானத்துக்குப் பின் அப்பாவுக்கு, விளக்கு வைத்தபிறகு எனக்கு. என் சீரியல் அவர் நேரத்துக்குள் நீண்டால், "பாப்பா, மொற!" என்று கூடத்திலிருந்து குரல் வரும். அந்த அதட்டலுக்கு நான் என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன். அந்த வாரமே குழம்பில் உப்பில்லை என்றார். இரண்டொரு நாளில் ஹீட்டரைத் தானே திருகினார். வேட்டிகள் பீரோவுக்குத் திரும்பின.

ஆவணியில் சம்பா விதைப்புக்குக் கிளம்பித்தான் ஆகவேண்டும். அதில் எனக்கு வருத்தமிருந்தாலும் வழக்கில்லை. விமான நிலையத்தில் உள்ளே போகும்போது திரும்பி நின்று, "நான் இல்லங்குறதுக்காக என் மொறய யாருக்கும் தூக்கிக் குடுத்துராதம்மா. வைகாசில வந்து கேப்பேன்" என்றார். அவ்வளவு ஜனங்களுக்கு நடுவே நான் அழுதேன். ஒரு டச்சுக்காரப் பெண் காகிதக் கைக்குட்டை நீட்டி, வருத்தப்படாதே என்றாள். இது வருத்தத்தில் வந்த அழுகை இல்லை என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

வைகாசி வரை அவரால் பொறுக்க முடியவில்லை. ஊரில் இப்போது கேபிள் வழியாக நெட் வந்துவிட்டது. சரவணன் போனிலேயே சொல்லிக்கொடுத்து, எங்கள் மாடிக் கம்ப்யூட்டரின் படம் முத்துப்பேட்டைப் பக்கத்து டிவிக்குப் போகும்படி செய்துவிட்டார். வண்டி கொஞ்சம் தாமதமாகத் திரும்பும். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது இங்கே மார்கழி. மத்தியானம் துணிகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன். சரவணன் ஆபீஸ் போயிருக்கிறார். அறை சில்லிட்டுக் கிடக்கிறது. திரையில் ஒரு ஆள் வயலைச் சுற்றி மெதுவாக நடந்துவிட்டு டிராக்டரில் ஏறுகிறான். நாற்காலியில் யாருமில்லை. ஊரில் அப்பா கொசுவுக்காக ஃபேனைப் போட்டுக்கொண்டு, துண்டோடு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த அறையின் ஹீட்டரைத் திருகிவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன்.