எந்தப் பட்டாளம் ஜெயிக்கும், மேடம்?

பொம்மைப் பட்டாளம் விற்கிற தொழிலில் புடவைக் கடையைவிட ஒரு தொல்லை அதிகம். அங்கே “நல்லா இருக்குமா?” என்று கேட்பார்கள். இங்கே “ஜெயிக்குமா?” என்று கேட்பார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நின்று கால் கடுத்த எல்லாரும் எனக்குச் சொந்தம் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். டெல்லியில் மெட்ரோ துவாரகா வரை போக ஆரம்பித்த புதிதில், கரோல் பாகில் மல்ஹோத்ரா ஜி என்பவரின் கடையில் வேலை பார்த்தேன். கீழே விமான மாடல்களும் ரயில் மாடல்களும். மாடி முழுக்க என் ராஜ்ஜியம். கட்டைவிரல் உயரத்தில் மாயாஜாலச் சிப்பாய்கள்: தாடிக் குள்ளர்கள், காது நீண்ட வனவாசிகள், பச்சைப் பூதங்கள், எலும்புக்கூடுகள், பல்லி மனிதர்கள். பெட்டிக்குள் கை வேறு, கால் வேறாகத்தான் இருப்பார்கள். வாங்குகிறவர் ஒட்டி, பெயின்ட் அடித்து, மேஜையில் அணிவகுத்து, இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். யாருக்கு முதல் பட்டாளமாக எது பொருந்தும் என்று சொல்வதுதான் என் வேலை. நாங்கள் குடியிருந்த மோதி பாக் குவார்ட்டர்ஸில் யாராவது “பொண்ணு என்ன பண்றா?” என்று கேட்டால் அப்பா கூசாமல், “டிஃபென்ஸ் சைடுல இருக்கா” என்பார்.

மார்பளவு

விற்பனையைக் கூட்ட மல்ஹோத்ரா ஜி வாசலில் இந்தியில் ஒரு பேனர் கட்டினார். ‘வாருங்கள், உங்கள் முதல் சேனையைத் தேர்ந்தெடுங்கள்!’ மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போதே ஹரியானாவிலிருந்து ஒரு வாலிபர் வந்து நின்றார். கையில் மார்க் ஷீட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மாடியேறி வந்து விறைப்பாக நின்றார். நான் ஆட்ட மேஜையை அளந்துகொண்டிருந்தேன். என் கையில் டேப்பைப் பார்த்ததும் மேல் பொத்தானைக் கழற்றி, மூச்சை இழுத்து, மார்பை விரித்துக் காட்டினார்.

இது ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடமில்லை, பொம்மைக் கடை என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. விடியற்கால பஸ்ஸில் வந்திருந்தாராம். பாவம், முகம் சுருங்கிப் போயிற்று. மல்ஹோத்ரா ஜி டீயும் பிரெட் பக்கோடாவும் வரவழைத்தார். அடுத்த ஆள் எடுப்பு வரும்வரை கடையிலேயே இருக்கிறாயா என்று கேட்டார். சுரேந்தர், அதுதான் அவர் பெயர், சரி என்றார். அப்படித்தான் எனக்கு ஒரு சக ஊழியர் கிடைத்தார். பக்கோடாவை மென்றபடியே அலமாரியில் நின்ற எலும்புக்கூடுகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “இவங்கள்லாம் செலக்ட் ஆயிட்டாங்க. எனக்கு என்ன குறைச்சல், மேடம்?”

கைலாசத்தில் கூட்டம்

நவராத்திரிக்கு முந்தின வாரம் ஒரு மாமி வந்தார். கரோல் பாகிலேயே பல காலமாக வாடகைக்கு இருக்கிற குடும்பம். நான் தமிழ் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் தோரணை போய், உரிமை வந்துவிட்டது. “ஏண்டி, கொலுவுக்கு ஒரு படை வேணும். எதை எடுக்கட்டும்?” என்றார். குள்ளர்களைக் காட்டினேன். தாடியைப் பார்த்து ரிஷிகள் மாதிரி இருக்கு என்று தள்ளிவிட்டார். பச்சைப் பூதங்களைப் பார்த்ததும் கண் விரிந்தது. “பூத கணம்! கைலாசத்துல சிவனும் பார்வதியும் ரெண்டே பேரா நிக்கறா, பார்க்கவே சகிக்கலை” என்று பெரிய பெட்டியாகவே எடுத்துக்கொண்டார். ஒட்டிக் கொடுக்க சுரேந்தர் அவர் வீட்டுக்கே போனார்.

கொலுவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். போனேன். ஒவ்வொரு பூதத்தின் நெற்றியிலும் மெல்லிய பிரஷ்ஷால் விபூதிப் பட்டை இழுத்திருந்தார். கடையில் பயங்கரமாக இருந்தவர்கள் இங்கே சாதுவாக, பிரதோஷத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். திருப்திதானே மாமி என்றேன். ஓரத்துப் பூதத்தை நேராக நகர்த்தி வைத்தார். “எல்லாம் திருப்திதான். ஆனா அத்தனை பேரும் ரெண்டு கையாலயும் கோடாலியைப் பிடிச்சிண்டு நிக்கறதே, சுண்டலை எதுல வாங்கிக்கும்?”

வாஸ்து

ஒரு பாங்க் அதிகாரி. டையை அவிழ்க்காமலே மாடியேறுவார். அவருக்கு ஒரே கேள்விதான்: எது ஜெயிக்கும்? எல்லாமே ஜெயிக்கும், எல்லாமே தோற்கும், ஆடுகிறவரைப் பொறுத்தது என்று சொன்னேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று சந்தேகப்பட்டார். முதலில் வனவாசிகளை வாங்கினார், மச்சினனிடம் தோற்றார். பல்லி மனிதர்களை வாங்கினார், தோற்றார். பூதங்களையும் வைத்துத் தோற்றார். மச்சினன் கடைசிவரை ஒரே குள்ளர் பட்டாளத்தைத்தான் வைத்திருந்தாராம்.

சனிக்கிழமைகளில் வாடிக்கையாளர்கள் எங்கள் மாடி மேஜையில் கூடி ஆடுவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை அவரையும் ஆடிக் காட்டச் சொன்னேன். முன்வரிசையை மொத்தமாகப் பாயவிட்டார். பக்கவாட்டில் ஆளே இல்லை. சுரேந்தர் எதிரே நின்று இரண்டு பல்லிகளை அந்த இடைவெளியில் நுழைத்து ஆட்டத்தை முடித்துவிட்டார். “சார், பக்கத்துல காவல் வைங்க” என்று தணிவாகவும் சொன்னார். அதிகாரி மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். புரிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். டையைத் தளர்த்திக்கொண்டு எழுந்தவர் சொன்னார்: “பட்டாளத்துல கோளாறு இல்லை, மேடம். எங்க வீட்டு மேஜை தெற்கு பார்த்து இருக்கு.”

இரண்டு இஞ்ச்

துவாரகாவிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. கணவருக்கு ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை. அவள் பெயர் செல்வி. கல்யாணமாகி மதுரையிலிருந்து நேராக வந்து இறங்கியவள். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவருக்கு ஷிஃப்ட் வேலை என்பதால் பகலெல்லாம் ஃபிளாட்டில் தனியாக இருப்பாள். என்னிடம் தமிழ் கேட்டதும் மடை திறந்தது மாதிரி பேசினாள். அன்று பட்டாளம் வாங்க வந்தது அவர்தான். ஆனால் எலும்புக்கூட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தது இவள். “புதுசா கல்யாணமானவங்க, இதையா எடுக்குறது?” என்றார் அவர். “இதுகளுக்குச் சோறு வடிக்க வேணாம்ல” என்றாள் செல்வி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தார், பிறகு பணம் கட்டினார்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அவள் மட்டும் மாடியேறி வந்தாள். தனியாக மெட்ரோ ஏறியிருக்கிறாள். ஸ்டேஷன் தவறிவிடுமோ என்று வழி முழுக்க உட்காரவே இல்லையாம். சுரேந்தர் ஒரு நாற்காலி போட்டார். அன்று வாயே திறக்காமல் ஆடினாள். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. மேஜையைச் சுற்றி இந்தியில் கத்துகிறவர்களோடு சேர்ந்து இவளும் கத்த ஆரம்பித்தாள். ‘அடி’ என்கிற ‘மாரோ’ முதலில் வந்தது, அப்புறம் எண்கள் வந்தன, அப்புறம் சண்டையே இந்தியில் வந்தது. ஒருநாள் பிளாஸ்டிக் பையில் கொத்தமல்லி எட்டிப் பார்க்க, மூச்சு வாங்க வந்து நின்றாள். “அக்கா, இன்னைக்கு நானே காய்க்காரர்கிட்ட பேரம் பேசினேன்க்கா. பதட்டத்துல ‘ரெண்டு இஞ்ச் பின்னாடி போ’ன்னு இந்தியில கத்திட்டேன். மனுசன் ரெண்டு ரூபா குறைச்சுட்டாரு!”

குதிரைக்காரர்கள்

இதைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. சொன்னால் அதற்குமேல் வேறொன்றும் சொல்லத் தோன்றாது. வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் சுபேதார், மகளோடு வந்தார். அவருக்கு மலை எல்லைக்கு மாற்றல் ஆகியிருந்தது. மகள் பிரியா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தனக்குப் பல்லி மனிதர்களைத் தேர்ந்தெடுக்கப் போனதும் என்னிடம் தாழ்ந்த குரலில், “போன் போட்டா ‘சாப்ட்டியா, படிச்சியா’ன்றதோட முடிஞ்சிடுதும்மா. பேசறதுக்கு ஒரு விஷயம் ஓணும்” என்றார். ஆளுக்கு ஒரு பட்டாளம் வாங்குவது, இரண்டு பேரும் ஒரே மாதிரி கட்டம் போட்ட தாளை விரித்துக்கொண்டு, லைன் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலேயே ஆடுவது என்று யோசனை.

நான் குள்ளர்களைக் காட்டினேன். நடை மெதுவு, ஆனால் கடைசி ஆள் விழும்வரை நின்ற இடத்தைவிட்டு ஓட மாட்டார்கள், ஆட்ட விதியே அப்படி என்று விளக்கினேன். நல்ல சரக்கைச் சரியான ஆளிடம் விற்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இத்தான்மா நம்ம பட்டாளம்” என்று பெட்டியைக் கையில் எடுத்தார். பிரியா திரும்பாமலே சொன்னாள், “அது வேண்டாம் பப்பா.” “ஏன்டா?” அவள் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஜல்தி வாபஸ் வர்றது எடுங்க பப்பா.” சுபேதார் பெட்டியை வைத்துவிட்டார். சீக்கிரம் திரும்பி வருகிற பட்டாளம் எது என்று நான் அலமாரியில் தேடினேன். வனவாசிகளில் குதிரைக்காரர்கள் உண்டு, இருப்பதிலேயே வேகமானவர்கள். அந்தப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவளே அதைத் தூக்கிக்கொண்டு பில் போடும் இடத்துக்கு நடந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எல்லைச் செய்தி எது வந்தாலும் நான் நின்று கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மார்ச்சில் ஒரு நாள் மாடிப்படியில் கனத்த காலடி. லீவில் வந்திருந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. கைக்குட்டையைப் பிரித்து, கால் உடைந்த ஒரு குதிரையை எடுத்து வைத்து, பசை வேண்டும் என்றார். ஆட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். “ஓடி ஓடியே எல்லா ஆட்டமும் தோத்துட்டேம்மா” என்று சிரித்தார். “பொண்ணு இப்போ போனைக் கீழ வெக்கவே மாட்டேன்னுது.”

இத்தனை வருஷம் பட்டாளம் விற்றும் சண்டைக்கென்று வந்த ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. என்னோடு சண்டை போட்டவர்கள் எல்லாரும் பெயின்ட் டப்பா காய்ந்துபோச்சு என்று திருப்பிக் கொடுக்க வந்தவர்கள்தான்.