கூடையில் வந்த சாமி

சேலம் கடைவீதியில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பழைய கட்டடத்தை இடித்தார்கள். முகப்பிலிருந்த சிறகுள்ள குழந்தைச் சிற்பத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிவிட்டேன். என் வீட்டு வாசல் தூணுக்கு அழகாக இருக்கும்.

இன்று அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைமேலுள்ள என் வீட்டுக்கு அதைக் கூடையில் சுமந்து என்னோடு வந்தவர், சோளக்காடு சந்தையில் மிளகு விற்கும் அக்கா.

பாதி ஏற்றத்தில் மழை. இடித்தபோதே விரிசல் விட்ட சுண்ணாம்புச் சுதை, ஊறினால் உதிர்ந்துவிடும்.

அக்கா தன் கம்பளியை எடுத்து அதற்குப் போர்த்தினார். "பயந்துக்காத சாமி, ஊடு வந்துரும்."

"அது சாமி இல்லீங்கக்கா, வெறும் அலங்காரம்."

"தெரியுமுங்க. எம் பையனையுமே சாமின்னுதானுங்க கூப்புடறது."

இப்போது அது என் அடுப்பருகே குளிர் காய்கிறது. குழந்தையை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே படுத்தால் தூக்கம் வருமா? நீங்களே சொல்லுங்கள்.