மார்வா மழித்த தாடை

டெட்ராய்ட்டுக்கு வடக்கே, வாரன் நகரத்துக் கார் நிறுவனமொன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகக் களிமண்ணில் புதுக் கார்களின் முழு அளவு மாதிரிகளைச் செதுக்கி வந்தவர் ஸ்டான் குபியாக். தாழ்ந்த மூக்குடைய கார் ஒன்றை இரண்டாண்டுகளாக இழைத்து உருவாக்கியிருந்தார். அரசு விதிகளைப் படிக்கும் பிரிவிலிருந்து வந்த மார்வா டில்லர்ட், அதை ஒரே வாரத்தில் டிரக் ஆக்கிவிட்டாள்.

வண்டியைச் சற்று உயர்த்தி, முன்பம்பரின் அடியான தாடையையும் சீவி, சக்கரத்தடியிலிருந்து தாடைவரை எழும் சாய்வை இருபத்தெட்டுப் பாகையாக்கினால், சட்டத்தின் கண்ணில் அது சிறு டிரக். டிரக் என்றால் எரிபொருள் சிக்கன விதியின் பிடி தளரும்.

"உங்க பிள்ளைக்குத் தாடை நீளம், ஸ்டான். மழிச்சு விட்டுட்டோம்" என்றாள் மார்வா. மாதிரிக் கூடமே சிரித்தது. ஸ்டானை என்றும் சாப்பிட அழைத்திராத கூடத் தலைவர் ரஸ், அன்று அவளை ஹாட் டாக் கடைக்கு அழைத்துச் சென்றார். ஸ்டானுக்கு வயிறு எரிந்தது.

மாதிரி தேறும் நாளில், வண்டியின் முன்முகத்தைச் செதுக்கி முடித்தவர் அதன் அடியில் தம் முதலெழுத்துகளைக் கீறுவது கூடத்து வழக்கம். இம்முறை அந்த உரிமை மார்வாவுக்கு என்றார் ரஸ்.

அவளுடைய கணக்கிலிருந்த பிழையை ஸ்டான் திங்கட்கிழமையே கண்டுவிட்டார், வாய் திறக்கவில்லை. உண்மை வண்டி சோதனையில் தவறட்டும், அவள் முகத்தில் கரி படியட்டும், தம் கார் மீண்டும் காராகட்டும் என்று காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை, எல்லோர் முன்னிலையிலும் மார்வா கை நீட்டினாள். "உங்க கத்தியக் கொஞ்சம் குடுங்க, ஸ்டான். பேரைக் கீறிட்டுத் தந்துடறேன்."

அவரால் பொறுக்க முடியவில்லை.

"இரு. சாய்வு இருபத்தேழு பாகைதான் வரும். மாதிரி நிக்கிறது மரச்சக்கரத்துல, அது நசுங்காது. பாரம் ஏறினா டயர் நசுங்கும், மூக்கு இறங்கும். இதுகூடத் தெரியாமலா டிரக் பண்ண வந்தே?"

மார்வாவின் முகம் சுருங்கியது. ஸ்டானுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"இன்னும் எவ்வளவு சீவணும்?" என்றார் ரஸ்.

"ஒரு விரல் கனம்."

"அப்போ நீங்களே சீவிடுங்க. பேரும் உங்களதுதான்."

ஸ்டான் மண்டியிட்டார். இரண்டாண்டு உழைப்பு பழுப்புச் சுருள்களாகத் தரையில் விழுந்தது. எஞ்சியிருந்த காரும் அவர் கையாலேயே டிரக் ஆயிற்று. அது அவருக்குத் தெரியாமலில்லை. ஆயினும், தம் எழுத்துகளை நிறுத்தி நிதானமாகக் கீறிவிட்டு, மார்வா பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்றுதான் முதலில் திரும்பினார்.