சனிக்கிழமைத் தண்டனை

பேரையூர்ப் பக்கத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு அகிலாண்டம் தலைமையாசிரியையாக வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆரப்பாளையத்தில் விடிகாலைப் பஸ் பிடித்து, மணியடிக்கும் முன்பே வாசலில் நிற்பார். பிரம்பு எடுக்க மாட்டார். தப்புச் செய்த பிள்ளையிடம் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார். அதுவே போதும் என்று நம்பியிருந்தார்.

போன வருஷம் அப்படித்தான் தங்கப்பொண்ணு என்ற மாணவியின் அப்பா வந்தார். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். அடுத்த மாதம் வெற்றிலை பாக்கோடு அவள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். அந்தப் பந்தியில் அகிலாண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை.

1983 காலாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பு ஜெயக்கொடிக்குக் கணக்கில் பதினெட்டு மார்க். மதிப்பெண் அட்டையில் எப்போதும் அவள் அப்பா நல்லகாமனின் கைநாட்டுத்தான் இருக்கும். இந்தத் தடவை முத்து முத்தாகக் கையெழுத்து. விசாரித்ததில், தன் பெருவிரல் ரேகை ரொம்பச் சின்னதாக இருந்ததால் அப்பா பேரை எழுதிவிட்டதாக ஒத்துக்கொண்டாள். அகிலாண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வகுப்பு டீச்சர் அதற்குள் ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

நல்லகாமன் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"ஏம் பேர எழுதி ஏமாத்துனது நெசந்தான டீச்சர்? நெசம்னா இன்னையோட நிப்பாட்டிருதேன். எங்க அக்கா மகன் இருக்கான்."

ஜெயக்கொடி சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு பொய் சொன்னால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று அகிலாண்டம் நினைத்தார். பிறகு இவளை எந்த வாயால் திருத்துவது?

"நிஜந்தான். அதுக்குத் தண்டனையும் போட்டாச்சு. பரீட்சை முடியற வரைக்கும் சனிக்கிழமைதோறும் இங்க வந்து கணக்குப் போடணும். நடுவுல நிப்பாட்டினா, தண்டனையை முடிக்காம ஓடிப்போன பிள்ளைன்னு பேராகும்."

அப்படி ஒரு தண்டனை அந்த நிமிஷம் வரை இல்லை. நல்லகாமன் யோசித்தார். ஊர்க்கூட்டத்தில் விதித்ததை முடிக்காமல் எழுந்து போனதாக அவர் வகையறாவில் ஒருத்தருக்கும் பேர் கிடையாது.

"பரீட்சை எப்ப?"

"மார்ச் கடைசி."

"அம்புட்டு நாளா?"

"தப்பு அம்புட்டுப் பெரிசு."

அன்றே அகிலாண்டம் ஆசிரியைகளைக் கூப்பிட்டு, தன்னைக் கேட்காமல் யார் வீட்டுக்கும் ஆள் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நல்லகாமன் வாரம் தவறாமல் மகளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். அரையாண்டில் கணக்கு நாற்பத்தொன்று. பொங்கல் லீவில் வந்த சனிக்கிழமையும் இருவரும் பூட்டிய கேட் முன்னால் நின்றார்கள். லீவு என்று காவல்காரர் சொன்னதற்கு, "தண்டனைக்கு ஏதுய்யா லீவு?" என்றார் நல்லகாமன்.

கொஞ்ச நேரத்தில் பஸ் வந்து நின்றது. அகிலாண்டம் சாவியோடு இறங்கினார். இவர்கள் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.